ஆடியில் அச்சான வெற்றி

ரக்பி என்ற விளையாட்டு இங்கிலாந்தில் பிறந்தது என்று புத்தகங்கள் சொல்கின்றன. பிறந்துவிட்டுப் போகட்டும், நமக்கென்ன. ஆனால் அந்த விளையாட்டை விளையாடாமலே வெல்லும் அரிய முறை பிறந்தது குமரி மாவட்டத்தில், கொட்டாரத்துக்கு மேற்கே, பொற்கதிர் மெட்ரிகுலேஷன் மேல்நிலைப் பள்ளியில்தான். இதை எந்த நாட்டுக்காரனும் மறுக்க முடியாது. அந்த முறையைப் பெற்று வளர்த்து ஆளாக்கியவர் உடற்கல்வி ஆசிரியர் சுயம்புராஜ். தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் தோல்வியே காணாத பயிற்சியாளர். தோல்வி காண வேண்டுமென்றால் எதிரே ஓர் அணி வந்து நிற்க வேண்டும் அல்லவா? மாவட்டத்தில் வேறு எந்தப் பள்ளியிலும் ரக்பி அணியே இல்லை.

இந்தப் பெருமைக்கெல்லாம் விதை போட்டவர் பள்ளித் தாளாளர் வைகுண்டராஜன். இருபத்திரண்டு வருடம் வளைகுடாவில் சூப்பர் மார்க்கெட் நடத்திவிட்டு ஊருக்கு வந்து பள்ளிக்கூடம் கட்டியவர். அங்கே டிவியில் எப்போதோ ரக்பி பார்த்திருக்கிறார். ஒருநாள் சுயம்புராஜை அறைக்குக் கூப்பிட்டார்.

“சாரே, கபடி, கோகோ எல்லாம் எல்லாவனும் வெளையாடுகான். பிள்ளேளுக்க அப்பன்மாரு பாத்தா வாயப் பொளக்கணும். நாம ரக்பி தொடங்குவோம். ஒமக்குத் தெரியும்லா?”

“தெரியாம பின்ன? சின்ன வயசுலேருந்தே தெரியும் சார்” என்றார் சுயம்புராஜ்.

அவருக்குத் தெரிந்தது கோகோ ஒன்றுதான். ஆனால் வருடக்கணக்கில் ‘தற்காலிக’ ஆசிரியராக இருப்பவருக்குத் தெரியாத விளையாட்டு என்று உலகத்தில் ஒன்று இருக்க முடியாது. பந்து பார்சலில் வந்தபோது, வழியில் யாரோ மேலே ஏறி உட்கார்ந்து நசுக்கிவிட்டார்கள் என்று திருப்பி அனுப்பப் பார்த்தார். பிறகு இரண்டு நாள் செல்போனில் வீடியோ பார்த்துத் தேறிவிட்டார். கையில் இருப்பதை முன்னால் நிற்பவனிடம் கொடுக்கக் கூடாது, பின்னால் நிற்பவன் தலையில்தான் தள்ளிவிட வேண்டும் என்பது அந்த விளையாட்டின் முதல் சட்டம். பள்ளி அலுவலகத்தில் கடிதப் போக்குவரத்தைப் பார்த்துப் பழகியவருக்கு அது சட்டென்று பிடிபட்டது.

மாணவர் அணிக்கு நீலச் சட்டை, அதன் முதுகில் வாயைப் பிளந்த சுறா, ஆங்கிலத்தில் ‘ஷார்க்ஸ்’ என்று பெயர். பெனின் என்ற பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் கேப்டன். முதலாம் ஆண்டு எதிர்க்க ஆளில்லை, மாவட்ட சாம்பியன். இரண்டாம் ஆண்டும் ஆளில்லை, மறுபடியும் மாவட்ட சாம்பியன். ஒரு சட்டைகூட அழுக்காகவில்லை.

இங்கே பொற்கதிர் பள்ளியின் இன்னொரு மரபைச் சொல்லியாக வேண்டும். ஆடி மாதம் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லையென்றால் அழைப்பிதழ் இல்லை. அழைப்பிதழ் இல்லையென்றால் நாகர்கோவில் அச்சகத்தில் மெஷின் சும்மா கிடக்கும், பாதிக் கூலிக்கு அச்சடிப்பார்கள். ஆகவே, தை மாதம் நடக்கிற ஆண்டு விழாவில் வெளியிட வேண்டிய ‘ஆண்டு மலர்’, வழக்கமாக ஆடியிலேயே அச்சாகிவிடும். ஜூனில் பள்ளி திறக்கும், ஜூலையில் அந்த வருடம் எப்படி நடந்து முடிந்தது என்று ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நடந்ததை எழுத யாரால் முடியாது? நடக்கப் போவதை எழுதி, அதன்படி நடத்திக் காட்டுவதல்லவா கல்வி! ஒரு வருடம் தமிழம்மா, “கொட்டும் மழையையும் பொருட்படுத்தாமல் பொங்கல் விழா நடைபெற்றது” என்று ஆடியிலேயே எழுதிவிட்டார். பொங்கலன்று சொல்லிவைத்தாற்போல மழை பெய்தது. அன்றிலிருந்து மலர் மேல் எல்லாருக்கும் ஒரு பயம் கலந்த மரியாதை.

இந்த ஆடியில் சுயம்புராஜ் எழுதிய ரக்பி அறிக்கை பதினேழாம் பக்கத்தில் வந்தது. “நமது மாணவர் அணி இவ்வாண்டும் மாவட்டக் கோப்பையை வென்று வாகை சூடியது. மாணவியர் அணி போதிய ஆர்வமின்மையால் கலைக்கப்பட்டது.”

மாணவியர் அணி ஆரம்பித்து அப்போது பதினைந்து நாள்கூட ஆகவில்லை. பதினோராம் வகுப்பு சுபிதா என்ற பெண்தான் பிடிவாதமாகப் பன்னிரண்டு பேரைத் திரட்டிக்கொண்டு வந்தாள். ராஜாக்கமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். வேகமாக நடப்பாள், அதைவிட வேகமாகப் பேசுவாள். பெண்பிள்ளைகள் ஒரு மாதம் வெயிலில் ஓடினால் முகம் கறுத்துப்போகும், வீட்டில் ஏசுவார்கள், தானாக நின்றுவிடுவார்கள் என்பது சுயம்புராஜின் ‘விஞ்ஞானக் கணிப்பு’. எப்படியும் கலையப் போகிற அணியைக் கொஞ்சம் முன்கூட்டியே கலைத்து எழுதினார். அச்சுப்படியைப் படித்துப் பார்த்துக் கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

ஆவணியிலும் அந்தப் பெண்கள் நிற்கவில்லை.

“சார், எங்களுக்கு கிரவுண்டு?” என்று சுபிதா வந்து கேட்டாள்.

“கிரவுண்டு பையமாருக்காக்கும். அந்தா வயலு கெடக்குல்லா? கன்னிப்பூ நெல்லு அறுப்பு முடிஞ்சாச்சு. அங்கன போயி ஓடுங்க.”

“முட்டளவு சேறா கெடக்கு சார்.”

“சேத்துல விழுந்தா அடிபடாது மக்கா. இதுக்குப் பேருதான் மாடர்ன் டிரெயினிங். வெளிநாட்டுல எல்லாம் துட்டு குடுத்து சேறு வாங்குகான்.”

இப்படிச் சொன்னால் ஓடிப்போய்விடுவார்கள் என்றுதான் சொன்னார். அவர்கள் வயலுக்குள் இறங்கிவிட்டார்கள். தேங்காய்க் கதம்பை மட்டை அடைத்த சாக்கை ஒருத்தி தூக்கிக்கொண்டு ஓட, மற்றவர்கள் பாய்ந்து இடுப்பைக் கட்டிப்பிடித்துச் சேற்றில் சாய்த்தார்கள். நடவு தொடங்கி வயல்காரர் விரட்டும்வரை, தினமும் சாயங்காலம் கண் மட்டும் தெரிகிற பன்னிரண்டு உருவங்கள் பம்ப்செட்டில் குளித்துவிட்டுப் பஸ் ஏறின. அதே நேரத்தில் மைதானத்தில் ஷார்க்ஸ் அணி, மலரின் அட்டைக்காக எடுத்த புகைப்படத்தை யாருக்கு எத்தனை பிரதி என்று விவாதித்துக்கொண்டிருந்தது.

ஐப்பசியில் மாவட்டப் போட்டி வந்தது. வந்த பிறகுதான் தெரிந்தது, இந்த வருடம் இன்னும் ஐந்து பள்ளிகள் ரக்பி தொடங்கியிருக்கின்றன. களியக்காவிளைப் பக்கத்திலிருந்து வந்த பையன்கள் கதவு மாதிரி இருந்தார்கள்.

மாணவர் அணியின் சாதனைகளைப் பட்டியலிடுவது கடமை. முதல் ஆட்டம்: பூஜ்யத்துக்கு முப்பத்தெட்டு. இரண்டாவது: பூஜ்யத்துக்கு நாற்பத்தைந்து. மூன்றாவது ஆட்டத்தில் ஷார்க்ஸ் எழுச்சி பெற்று ஐந்து புள்ளி எடுத்தார்கள். கதவு ஒன்று எதிரே வருவதைக் கண்டு பெனின் பந்தோடு தலைதெறிக்க ஓடினான். ஓடியவன் கால் தடுக்கி விழுந்த இடம் தற்செயலாகக் கோட்டுக்கு அப்பால் இருந்தது. எதிரணிக்கு ஐம்பத்திரண்டு. எதிரணிகளின் திறமையை முழுமையாக வெளிக்கொண்டு வந்ததில் ஷார்க்ஸுக்கு இணையான அணி அந்தப் போட்டியில் இல்லை என்று சுயம்புராஜ் நியாயமாகவே கருதினார்.

அடுத்து மாணவியர். அவர்களுக்குச் சட்டை கிடையாது. போன வருடத்துப் பழைய சுறாவைத்தான் மாட்டிக்கொண்டு வந்தார்கள். தொளதொளவென்று முழங்கால்வரை தொங்கியது. சுயம்புராஜ், சீக்கிரம் முடிந்துவிடும், அதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம் என்று கடைக்குப் போனார். டீ ஆறுவதற்குள் மைதானத்திலிருந்து கூச்சல். ஓடிவந்து பார்த்தால் சுபிதா கோட்டுக்கு அப்பால் பந்தின் மேல் படுத்துக் கிடக்கிறாள். முழங்கால் சேற்றில் ஓடிப் பழகிய கால்கள் காய்ந்த தரை கிடைத்ததும் பறந்தன. அரையிறுதி இருபத்துநான்குக்கு ஐந்து. இறுதி ஆட்டம் பத்தொன்பதுக்குப் பன்னிரண்டு. அஞ்சு என்ற குட்டைப் பெண்ணுக்கு மோவாய் கிழிந்து மூன்று தையல். கோப்பையைக் கையில் கொடுத்தபிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருவேன் என்று அவள் அடம்பிடித்தாள்.

அப்போது சுயம்புராஜ் அழுதார். இதில் கிண்டல் எதுவும் இல்லை, நிஜமாகவே விசும்பி விசும்பி அழுதார். ஒன்பது வருடத்தில் அவர் சொல்லிக்கொடுத்து ஒரு பிள்ளை ஜெயித்தது அதுதான் முதல் தடவை. சொல்லிக்கொடுத்தாரா என்பது வேறு விஷயம்.

“மக்கா, ஸ்டேட் போட்டிக்கு ஒங்கள கூட்டிட்டுப் போறது எனக்க பொறுப்பு, கேட்டியா? எவன் தடுத்தாலும் செரி” என்று சுபிதாவின் தலையில் கை வைத்துச் சொன்னார்.

மாநிலப் போட்டி விண்ணப்பத்தில் தாளாளர் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் வேண்டும். தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். மறுநாள் சனிக்கிழமைதான் ஆண்டு விழா. சுயம்புராஜ் மூன்று தடவை போய், மூன்று தடவையும் தாளாளர் ‘மீட்டிங்’கில் இருந்தார். வெள்ளிக்கிழமை மதியம்தான் ஆள் கிடைத்தார்.

“இது என்ன சாரே?”

“மாணவியர் அணிக்க விண்ணப்பம் சார். ஸ்டேட் போட்டிக்கு.”

“எந்த அணி?”

“நம்ம பொம்பளப் பிள்ளேளுக்க ரக்பி அணி.”

“அது கலைஞ்சு போச்சே!” தாளாளர் உண்மையாகவே திடுக்கிட்டார்.

“கலையல்ல சார். கப்பு அடிச்சிட்டுல்லா வந்துருக்கு.”

வைகுண்டராஜன் பளபளவென்று மின்னிய மலரை எடுத்தார், எச்சில் தொட்டுப் புரட்டினார், பதினேழாம் பக்கத்தை மேஜையில் விரித்து வைத்தார்.

“இதுல எழுதுனது ஆரு?”

“நான்தான் சார்.”

“கையெழுத்து?”

“அதுவும் நான்தான்.”

“ஆயிரத்தி இருநூறு புக்கு. அதிகாரிமாருக்கும் கமிட்டிக்காரங்களுக்கும் முன்கூட்டியே அனுப்பியாச்சு. கலைஞ்சு போன அணிக்கு நான் எப்பிடி சாரே சீல் குத்துவேன்? நாளைக்கு ஒருத்தன் கேக்க மாட்டானா, இந்த ஸ்கூல்ல பொய் எழுதுகாங்களான்னு?”

“ஒரு திருத்தத் துண்டு அடிச்சு ஒட்டிரலாம் சார்.”

“நீரு வெவரம் கெட்ட ஆளா இருக்கீரே. புக்க மாத்தணும்னா ஆயிரத்தி இருநூறு எடத்துல மாத்தணும். நடந்தத மாத்தணும்னா ஒரே எடத்துல மாத்துனா போரும். ஒம்ம வாயில.”

நிர்வாகவியலில் இதைவிடத் தெளிவான ஒரு வாக்கியத்தை யாரும் சொன்னதில்லை. சுயம்புராஜ் பிரமித்து நின்றார். தாளாளர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு நீளமான உறையை எடுத்து, விண்ணப்பத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

“ஒம்ம நிரந்தர ஆர்டராக்கும். நாளைக்கு மேடையில வச்சு குடுக்கணும்னு இருக்கேன். நீரு பதினேழாம் பக்கத்த அட்சரம் பெசகாம வாசிச்சு முடிச்ச ஒடனே. கப்ப பையமாரு தூக்கட்டும். கப்புல ஆணு பொண்ணுன்னு எழுதியா இருக்கு?”

இந்த இடத்தில் சுயம்புராஜ் என்ன நினைத்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். மாமனாரை நினைத்தார். ஒவ்வொரு பொங்கலுக்கும் மாமனார் பழக்குலையை வைத்துவிட்டு, “வேலை இன்னும் பெர்மனன்ட் ஆவலியா மாப்ளே?” என்று கேட்பார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் முற்றத்துத் தென்னையைப் பார்ப்பார். ஒன்பது பொங்கல். தென்னைகூடக் காய்த்துவிட்டது. பிறகு சுபிதாவை நினைத்தார். அது கொஞ்சம் கஷ்டமாக இருந்தபடியால் மறுபடியும் மாமனாரையே நினைத்தார். விண்ணப்பத்தை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நாலரை மணிக்குச் சைக்கிள் ஷெட்டுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

“சார், சீல் வச்சாச்சா?”

“சீலு காணல மக்கா. எங்கயோ மாறிப் போச்சு. தேடிட்டு இருக்காவ.”

“இப்பந்தான எனக்க பஸ் பாஸ்ல குத்தித் தந்தாவ” என்றாள் சுபிதா. பாஸை நீட்டிக் காட்டினாள். மை இன்னும் காயவில்லை.

சுயம்புராஜ் பள்ளிக் கட்டடத்தைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பார்க்க வேறு எதுவும் மிச்சம் இல்லை.

“நாளைக்கு எனக்கு ஆர்டர் தாறாவ மக்கா” என்றார். “ஒம்பது வருசமாக்கும். இத அனுப்புனா அது வராது. அடுத்த வருசம் நீங்க போவலாம். நான் கூட்டிட்டுப் போறேன்.”

“அடுத்த வருசம் பிளஸ் டூ சார். வீட்டுல விடமாட்டாங்க.” அஞ்சு சொன்னாள். மோவாயில் இருந்த தையல் தழும்பைத் தடவிக்கொண்டாள்.

சுபிதா அவளைக் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பஸ் பாஸைப் பைக்குள் வைத்து மூடினாள்.  அவள் ஏசினால் நன்றாக இருக்கும் போலிருந்தது சுயம்புராஜுக்கு.

“செரி சார்” என்றாள் கடைசியில். “நாளைக்கு விழாவுக்கு நாங்க வரணுமா?”

“வராம பின்ன? வரணும்.”

“செரி சார்.”

ஐந்து மணி அடித்தது. விண்ணப்பம் சட்டைப் பையிலேயே இருந்தது.

ஆண்டு விழா சிறப்புற நடைபெற்றது. ஆடியிலேயே அப்படித்தான் அச்சாகியிருந்தது. சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற தாசில்தார் முருகதாஸ். எந்த மேடையானாலும் இளைஞர்களுக்கு அறிவுரை சொல்லாமல் இறங்குவதில்லை என்ற கொள்கை உடையவர்.

சுயம்புராஜ் மைக் முன்னால் நின்று பதினேழாம் பக்கத்தை வாசித்தார். அந்த வாசிப்பைக் கேட்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். குரல் நடுங்கவில்லை, நாக்கு பிறழவில்லை. “வாகை சூடியது” என்ற இடத்தில் நிறுத்திக் கைதட்டலுக்கு இடம் விட்டார். “போதிய ஆர்வமின்மையால்” என்ற இடத்தில் ‘போதிய’வை அழுத்தமாக உச்சரித்தார். ஷார்க்ஸ் அணி மேடை ஏறியது.

“சார், இதத் தூக்க எனக்கு வெக்கமா இருக்கு. அவளுவ பாக்காளுவ” என்று பெனின் கிசுகிசுத்தான்.

“தூக்குலே. கனம் கொறவுதான்” என்றார் சுயம்புராஜ்.

கோப்பை உயர்ந்தது. புகைப்படக்காரர் இன்னும் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார். பிறகு தாளாளர் நீள உறையை நீட்டினார். சுயம்புராஜ் குனிந்து வாங்கினார். முதல் வரிசையில் அவருடைய மனைவி செல்லத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் மாமனார், தென்னை எதுவும் இல்லாத இடத்தில், மருமகனை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் முருகதாஸ் ஐயா மலரைப் புரட்டிக்கொண்டே மைக்குக்கு வந்தார்.

“இங்கே ஒரு செய்தி என் மனதை வருத்துகிறது. மாணவியர் அணி ஆர்வமின்மையால் கலைக்கப்பட்டதாம்! இந்தக் காலத்துப் பெண்பிள்ளைகள் இப்படி இருக்கலாமா? அந்த மாணவிகள் இங்கே இருக்கிறார்களா? மேடைக்கு வரச் சொல்லுங்கள். நான் இரண்டு வார்த்தை பேச வேண்டும்.”

தாளாளர் எழுந்து, “நேரமாச்சு ஐயா, கலை நிகழ்ச்சி இருக்கு” என்றார். ஐயா அவரைக் கையமர்த்தினார். பன்னிரண்டு பேரும் வரிசையாக மேடைக்கு வந்தார்கள். ஒரு பக்கம் கோப்பையோடு பையன்கள், மறுபக்கம் ஆர்வம் குன்றிய பெண்கள், நடுவில் ஐயா. அவர் பதினோரு நிமிடம் பேசினார். செல்போனைக் குறைக்கச் சொன்னார். வெயிலுக்குப் பயப்படக் கூடாது என்றார். விழுந்தால் அடிபடுமே என்று அஞ்சக் கூடாது என்று சொல்லும்போது அவர் கை அஞ்சுவின் தோளில் இருந்தது. இதோ இந்த அண்ணன்மாரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். பெனின் கோப்பையைத் தொடைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

“சொல்லம்மா, நீதானே கேப்டன்?” என்று ஐயா சுபிதாவிடம் மைக்கை நீட்டினார். “பயப்படாமல் சொல். ஏன் ஆர்வத்தை விட்டீர்கள்?”

 தாளாளரின் முகத்தில் வேர்வை துளிர்த்தது. சுயம்புராஜின் கையிலிருந்த உறை ஈரமாகிவிட்டது. சொல்லிவிடட்டும், எல்லாவற்றையும் சொல்லிவிடட்டும் என்று ஒரு மனது அடித்துக்கொண்டது. இன்னொரு மனது அடித்துக்கொண்டதை இங்கே எழுத வேண்டாம்.

சுபிதா மைக்கை வாங்கினாள். சுயம்புராஜ் சாரைத் திரும்பி ஒருமுறை பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

“எங்க சாருக்கு இன்னைக்கு ஆர்டர் கிடைக்கணும்லா சார்” என்றாள். “அதுக்காக்கும் விட்டோம்.”

முருகதாஸ் ஐயா மைக்கைத் திரும்ப வாங்கினார். “ஆஹா! ஆசிரியருக்காகத் தங்கள் விளையாட்டையே விட்டுக்கொடுத்த பிள்ளைகள்! எப்பேர்ப்பட்ட ஆசிரியராக இருந்தால் இப்படிப் பிள்ளைகள் அமைவார்கள்! எல்லாரும் எழுந்து நின்று அவருக்குக் கைதட்டுங்கள்!”

பந்தல் முழுவதும் எழுந்து நின்று தட்டியது. மாமனாரும் எழுந்து தட்டினார். பன்னிரண்டு பிள்ளைகளும் அவரைப் பார்த்துக்கொண்டே தட்டினார்கள். சுயம்புராஜ் உறையை இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக் கும்பிட்டார்.